மாடி அறை வேகிறது: கூரைக்கு அடியில் ஓப்பன் செல் நுரை தெளிக்கலாமா?

மேல்மாடிவாசி | வெள்ளி, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் எங்களுடையது பழைய வரிசை வீடு. முன்பாதிக்கு ஓட்டுக் கூரை. பின்பாதியில் முந்தைய உரிமையாளர் ஒரு மாடி எழுப்பி, அதற்கு இரும்புத் தகட்டுக் கூரை போட்டிருக்கிறார். தகட்டுக்கு அடியில் வெறும் ஜிப்சம் பொய்க்கூரை மட்டும்தான். வெப்பக்காப்பு எதுவும் இல்லை. அந்தப் பின்னறையில் அப்பா இருக்கிறார். மதியம் தூங்கும் பழக்கம் உள்ளவர். ஏர்கானை 22இல் வைத்தாலும் சாயங்காலம்வரை அறை குளிர்வதில்லை.

என் மைத்துனர் ஹியூஸ்டனில் இருக்கிறார். அவருடைய வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் முழுவதும் ஓப்பன் செல் ஸ்பிரே ஃபோம் (தெளித்ததும் உப்பும் வெப்பக்காப்பு நுரை) தெளித்திருக்கிறார். மின்கட்டணம் குறைந்தது, மழைச் சத்தமும் குறைந்தது என்கிறார். குளோஸ்டு செல் என்ற இன்னொரு வகையைவிட விலையும் குறைவாம். ஹியூஸ்டனும் புழுக்கமான ஊர்தானே, அங்கே நடப்பது இங்கே ஏன் நடக்காது என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

வீடு முழுவதும் ஓப்பன் செல் போடலாமா? அப்பாவுக்கு லேசான ஆஸ்துமா உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய மேஸ்திரி | வெள்ளி, இரவு 11.05

தம்பி, நுரையைப் பற்றிப் பேசுமுன் கூரையைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மைத்துனர் ஊரில் கைமரத்தின் மேல் ஒட்டுப்பலகை அடித்து, அதன்மேல் தார்த்தாள் விரித்து, அதற்கும் மேலே ஷிங்கிள் ஒட்டுவார்கள். நுரை அந்தப் பலகையின் அடியில் ஒட்டுகிறது. நம் ஓட்டுக் கூரையில் பலகையே கிடையாது. கைமரம், ரீப்பர், ஓடு, அவ்வளவுதான். நல்ல வேலையாக இருந்தால் இடையில் ஓர் அலுமினியத் தாள் இருக்கும். தாள் இல்லாத இடத்தில் தெளித்தால் நுரை நேராக ஓட்டிலேயே போய் ஒட்டும்.

அதற்குப் பிறகு ஓர் ஓடு உடைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. சுற்றிலும் அறுத்துப் பிய்க்க வேண்டும். ஓட்டிடுக்கில் நுழைகிற சாரல் முன்பெல்லாம் காற்றில் காய்ந்துபோகும். இனிமேல் நுரைக்கும் மரத்துக்கும் நடுவே நிற்கும். கைமரத்தில் கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் கூரையில் நுரை தெளித்த வீடுகளுக்குக் கடன் தர மறுக்கும் வங்கிகள் உண்டு. மரத்தைப் பார்க்க முடியாத கூரைக்குச் சான்றளிக்க மதிப்பீட்டாளர்கள் தயங்குகிறார்கள் என்பதே காரணம். கரையானே இல்லாத ஊரில் அந்த நிலை.

முன்பாதி ஓட்டுக் கூரைக்கு என் பதில்: எந்த நுரையும் வேண்டாம். பின்பாதி வேறு கதை. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

தெம்பனிஸ் தென்றல் | வெள்ளி, இரவு 11.31

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் ஆக மேல் தளத்தில் இருக்கிறேன். எனக்கும் இதே சூடு. நானும் உட்கூரையில் நுரை தெளித்துக்கொள்ளலாமா?

ஈரமானி | சனி, காலை 7.48

தெம்பனிஸ் தென்றல், உங்களுக்கு வேண்டியதில்லை. வீவக கட்டடங்களில் மொட்டைமாடித் தளத்துக்கு மேலே ஃபெரோசிமென்ட் (கம்பிவலை பதித்த சிமென்ட்) பலகைகளைச் சிறு கால்களின்மீது நிறுத்தி இரண்டாவது கூரை போட்டிருப்பார்கள். வெயில் அதில் விழும்; இடையில் காற்று ஓடும். பெரும்பாலும் உங்கள் அறைச் சூடு மேற்குச் சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் வருவது. உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள், பிறகு மாலை ஐந்து மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தில்தான் வீவக கட்டடங்களுக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் சாயம் பூசிப் பார்த்தார்கள். சுவர்ச் சூட்டுக்கு அந்த வழியே பொருத்தம். வீட்டுக்குள் எரியக்கூடிய நுரையை ஒட்டுவது பொருந்தாது.

இப்போது மேல்மாடிவாசிக்கு. நான் கட்டடக் குளிரூட்டல் துறையில் வேலை செய்கிறேன், நுரை விற்பவள் அல்ல. இரண்டு நுரைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்கிறேன்.

இரண்டுமே பாலியூரத்தேன். ஒரு பீப்பாயில் ஐசோசயனேட், இன்னொன்றில் பாலியாலும் வினையூக்கியும் தீத்தடுப்பு மருந்தும். இரண்டையும் சூடாக்கித் துப்பாக்கி முனையில் கலந்து தெளிக்கிறார்கள். ஓப்பன் செல்லில் தண்ணீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரியமில வாயு உண்டாகிறது; அதுவே நுரையை நூறு மடங்கு அளவுக்கு உப்ப வைக்கிறது. குமிழ்கள் உடைந்து ஒன்றோடொன்று திறந்திருக்கும். கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ எடை. விரலால் அழுத்தினால் அமுங்கும். குளோஸ்டு செல் கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல், கட்டையாக இருக்கும், குமிழுக்குள் வெப்பம் கடத்தாத வாயு அடைபட்டிருக்கும். வெப்பத்தைத் தடுப்பதில் 50 மில்லிமீட்டர் குளோஸ்டு செல்லும் 75 மில்லிமீட்டர் ஓப்பன் செல்லும் ஏறக்குறைய சமம். ஆகவே இடம் இருந்தால் ஓப்பன் செல்லைக் கொஞ்சம் கூடுதல் பருமனாகப் போட்டுச் சரிக்கட்டிவிடலாம். விற்பவர்கள் சொல்லும் இந்த வாதம் உண்மைதான்.

அந்த வாதம் ஈராவியைக் கணக்கில் எடுப்பதில்லை. காற்று எளிதில் ஊடுருவாதபடி இரண்டு நுரையும் தடுக்கின்றன. ஈராவியை ஓப்பன் செல் தடுப்பதில்லை. குளோஸ்டு செல் தடுக்கிறது. குளிர்நாட்டில் ஈரம் வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். நமக்குத் தலைகீழ். வெளியே 31 பாகை, 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 26 பாகை. அதாவது 26 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று பட்டால் கோப்பி பெங் (ஐஸ் காப்பி) குவளை மாதிரி வியர்க்கும். அப்பாவின் அறை 22 பாகை. பொய்க்கூரைப் பலகை அதைவிடச் சற்றுத்தான் சூடாக இருக்கும். ஓப்பன் செல்லை அந்தப் பலகையின் முதுகில் போட்டால், மேலிருக்கும் ஈரக்காற்றின் ஆவி நுரையின் வழியே இறங்கி வந்து, குளிர்ந்த பலகையின் முதுகில் தண்ணீராக மாறும். சில மாதங்களில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் வரும். ஆஸ்துமாக்காரர் அறையில் அது வேண்டாத விருந்தாளி.

மேல்மாடிவாசி | சனி, காலை 8.30

நன்றி அக்கா. நான் கேட்பது பலகையின் முதுகில் அல்ல. தகட்டின் அடியில் நேராகத் தெளிப்பது. அப்படியானால் பலகைக்கும் நுரைக்கும் தொடர்பில்லையே?

பழைய மேஸ்திரி | சனி, காலை 9.15

இதைத்தான் நேற்று எழுத நினைத்தேன்.

தகட்டுக் கூரையில் பகலைப் பற்றித்தான் எல்லாரும் கவலைப்படுகிறார்கள். சிக்கல் விடியற்காலையில் இருக்கிறது. வானம் தெளிந்த இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். குளிர்நாடு மாதிரி பத்துப் பதினைந்து பாகை இறங்க வேண்டியதில்லை. நம் ஊரில் இரவு ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டும், தகடு இரண்டு பாகை இறங்கினாலே போதும், அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் விடிகாலையில் நின்றவர்களுக்கு இது தெரியும். மழை இல்லாத நாளிலும் சொட்டும்.

நுரை இல்லாத தகட்டில் அந்தத் தண்ணீர் எட்டு மணி வெயிலில் காய்ந்துபோகும். அடியில் ஓப்பன் செல் இருந்தால் ஆவி அதன் வழியே ஏறித் தகட்டைத் தொடும், அங்கே நீராகும், நுரை அதைக் குடிக்கும். காலையில் தகடு சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகிக் கீழே தள்ளப்படும். இரவில் மறுபடி மேலே. தினமும் இதே போக்குவரத்து. திருகாணி ஓட்டையிலும் தகடு மடிப்பிலும் துரு பிடிக்கும். நுரை மறைத்திருப்பதால் தகடு ஓட்டையாகி நீர் சொட்டும்வரை உங்களுக்குத் தெரியாது.

வெறும் தகட்டின் அடியில் தெளிப்பதென்றால் குளோஸ்டு செல். இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

நுரைநேசன் | சனி, காலை 11.40

எனக்கு இருக்கிறது இரண்டாம் கருத்து. ஓப்பன் செல்லை இப்படி அடித்துத் துவைக்கிறீர்கள். ஃபுளோரிடாவிலும் டெக்சஸிலும் எத்தனையோ வீடுகளில் அது இருக்கிறது. மேஸ்திரி ஐயா சொல்வதற்கு நேர்மாறாக அதற்கு ஒரு நன்மை உண்டு: கூரை ஒழுகினால் தண்ணீர் நுரையின் வழியே இறங்கி உட்கூரையில் கறையாகத் தெரியும், உடனே சரிசெய்யலாம். குளோஸ்டு செல்லோ நீரைத் தகட்டுக்கும் தனக்கும் நடுவே அடைத்து வைக்கும். எது ஆபத்து?

புக்கிட் தீமாவில் என் வீட்டில், படிப்பறைக்கும் பிள்ளைகள் டிரம்ஸ் வாசிக்கும் அறைக்கும் இடையிலுள்ள சுவருக்குள் ஓப்பன் செல் நிரப்பினேன். அருமையாக இருக்கிறது. வாங்கியதில் வருத்தமே இல்லை.

பழைய மேஸ்திரி | சனி, மதியம் 12.05

ஒழுகினால் உடனே தெரியும் என்பது விற்பனைத்தாளில் அழகாக இருக்கும். நுரை முதலில் வயிறு நிறையக் குடித்துக்கொள்ளும். நிறைந்த பிறகுதான் சொட்டும். அதுவும் ஓட்டைக்கு நேர் கீழே அல்ல, கூரைச் சரிவில் எங்கு வாட்டமோ அங்கே. குளோஸ்டு செல் கசிவை மறைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தெளிக்கும் முன் கூரையைப் பழுதுபார்த்து, குழாய் வைத்துத் தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும் என்கிறேன். ஒழுகும் கூரைக்கு அடியில் எந்த நுரையும் மருந்தாகாது.

உங்கள் டிரம்ஸ் சுவர் சரியான இடம்தான். இரண்டு பக்கமும் வீட்டுக்குள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே குளிர், நடுவில் நுரை. அதற்கு நான் எப்போது மறுப்புச் சொன்னேன்?

ஈரமானி | சனி, மதியம் 12.40

டெக்சஸ், ஃபுளோரிடா பற்றி ஒரு சொல். அங்கே கூரையடியில் நுரை தெளித்தால் அந்தப் பரண் முழுவதையும் வீட்டின் குளிரூட்டப்பட்ட பகுதியாக மாற்றிவிடுகிறார்கள். ஏர்கான் குழாய்கள் பரணில்தான் ஓடும். பரணுக்கும் குளிர்ந்த உலர்காற்று கொஞ்சம் போகும். அப்படிச் செய்யாத வீடுகளில் ஓப்பன் செல் போட்ட பரணின் முகட்டுப் பக்கம் ஈரம் சேர்வது அங்கேயே தெரிந்த சிக்கல். நம் வீடுகளில் அறைக்கு ஒரு பெட்டி என்று சுவரில் மாட்டியிருக்கிறோம். பொய்க்கூரைக்கு மேலே உள்ள காற்றை யாரும் உலர்த்துவதில்லை.

காதடைப்பான் | சனி, மாலை 4.15

ஹவ்காங்கிலிருந்து எழுதுகிறேன். பாய லேபார் விமானத் தளத்துக்குப் பக்கம். எங்களுக்குச் சூட்டைவிடச் சத்தம் பெரிய தொல்லை. போர் விமானம் தலைக்கு மேல் போனால் தொலைக்காட்சியில் செய்தியே காதில் விழாது. தளம் 2030களில் இடம் மாறும் என்கிறார்கள், அதுவரை? சத்தத்துக்கு ஓப்பன் செல்தான் சிறந்தது என்று எங்கும் படிக்கிறேன். உண்மையா?

ஈரமானி | சனி, மாலை 5.02

பாதி உண்மை. ஒலியை உறிஞ்சுவதில் திறந்த குமிழ் நல்லது. பேச்சு, தொலைக்காட்சி, டிரம்ஸின் கணீர் ஒலி போன்றவை மட்டுப்படும். தகட்டில் மழை விழும் படபடப்பும் குறையும், தகட்டில் ஒட்டியிருக்கும் எதுவும் அதன் அதிர்வைக் கொஞ்சம் அடக்கும். விமானத்தின் உறுமல் தாழ்ந்த ஒலி. அதை நிறுத்த எடை வேண்டும். கன மீட்டருக்கு 8 கிலோ எடையுள்ள பொருளிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, இடையில் ராக்வுல் (பாறை இழைப் பஞ்சு), பிளவில்லாத சன்னல் என்று போக வேண்டும். உங்கள் வீட்டில் விமானச் சத்தம் பெரும்பாலும் சன்னல் வழியேதான் வருகிறது. கூரையில் செலவழித்துவிட்டுச் சன்னலை விட்டுவிட்டால் பணம் வீண்.

சிக்லாப் அக்கா | சனி, இரவு 9.10

நுரை தெளிக்கும் முன் மேலே யார் குடியிருக்கிறார் என்று ஒருமுறை பாருங்கள். எங்கள் வட்டாரத்தில் மரநாய்கள் அதிகம். ஓடு விலகிய இடத்தில் நுழைந்து கூரைக்குள் குட்டி போட்டுவிடும். இரவில் யாரோ நடப்பது போலக் கேட்கும். அவை உள்ளே இருக்கும்போது துவாரங்களை நுரையால் அடைத்துவிட்டால் பாவம் மட்டுமல்ல, நாற்றமும் உங்களுக்குத்தான். காட்டுயிர்களைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். எலியைத் தடுக்கும் என்று நம்பியும் நுரை வாங்காதீர்கள். எலி அதைக் குடைந்து குடித்தனம் நடத்தும்.

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10.55

யாரும் கணக்குப் போடவில்லையே, நான் போடுகிறேன்.

மேல்மாடிவாசியின் பின்பாதி 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் தகடு 60 பாகையை எளிதாகத் தொடும். அறை 26. வேறுபாடு 34. தகடு, காற்றிடைவெளி, ஜிப்சம் பலகை மட்டும் இருந்தால் யு மதிப்பு (ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே இறங்கும் வெப்பம், வாட்டில்) ஏறக்குறைய 2. ஆகவே 60 பெருக்கல் 2 பெருக்கல் 34, அதாவது 4 கிலோவாட் வெப்பம் தலைமேல் இறங்குகிறது. ஏர்கான் திணறுவதில் வியப்பில்லை. 50 மில்லிமீட்டர் குளோஸ்டு செல் போட்டால் யு மதிப்பு 0.45க்குப் பக்கம் வரும். இறங்கும் வெப்பம் 1 கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே. கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிமுறையில் குளிரூட்டப்படும் கட்டடத்தின் எடை குறைந்த கூரைக்கு உச்சவரம்பு 0.5. ஆக, அளவுக்குள் வருகிறது.

மிச்சமாவது 3 கிலோவாட் வெப்பம். நல்ல இன்வெர்ட்டர் ஏர்கான் 1 யூனிட் மின்சாரத்தில் 4 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். எனவே மணிக்கு முக்கால் யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று கொண்டால் மணிக்கு 22, 23 காசு. கடும் வெயில் நான்கு மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு வெள்ளிக்கும் குறைவு.

இந்த ஒரு வெள்ளியும் பகலில் ஏர்கான் போடுகிறவருக்குத்தான். பகலெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு இரவில் மட்டும் போடுகிறவருக்குத் தகட்டுக் கூரையில் மிச்சம் மிகக் குறைவு. சூரியன் இறங்கியதும் தகடும் ஆறிவிடுகிறது. காங்கிரீட் தளம் வேறு மாதிரி. மதிய வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு எட்டு ஒன்பது மணிக்கு அறைக்குள் விடும். அங்கே தளத்துக்கு மேலே பலகை வெப்பக்காப்பு போட வேண்டும், அடியில் நுரை தெளிப்பது இரண்டாம் பட்சம்.

மின்கட்டணத்தைக் காட்டி நுரை விற்க வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். உங்கள் அப்பா மதியம் நிம்மதியாகத் தூங்குவார் என்பதற்காகச் செலவழிப்பதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங் மோ கியோவில் 2023 மே 13ஆம் தேதி 37 பாகை பதிவான நாளில் தகட்டுக் கூரைக்கு அடியில் இருந்தவர்கள் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தெம்பனிஸ் தென்றல் | ஞாயிறு, காலை 9.20

ஐசோசயனேட் என்று படித்ததும் பயம் வந்துவிட்டது. 1984 போபால் அதுதானே?

ஈரமானி | ஞாயிறு, காலை 10.05

போபாலில் கசிந்தது மெத்தில் ஐசோசயனேட். 39 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும் கொடிய திரவம். நுரையில் பயன்படுவது எம்டிஐ. அதே குடும்பம்தான், ஆனால் அறை வெப்பத்தில் மிக மெல்லத்தான் ஆவியாகும். அந்த அளவுக்குப் பயம் வேண்டாம்.

அலட்சியமும் வேண்டாம். சூடாக்கி நுண்துளிகளாகத் தெளிக்கும்போது அது மூச்சில் போகிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு ஐசோசயனேட் பெயர்போன காரணம். ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சிரைப்பைக் கொண்டுவரும். தெளிக்கும் தொழிலாளிகள் வெளிக்காற்றுக் குழாயோடு கூடிய முகமூடியும் முழு உடுப்பும் அணிய வேண்டும். துணிமுகமூடியோடு வருகிற ஆட்களை வாசலிலேயே திருப்பியனுப்புங்கள், அவர்களுடைய நன்மைக்கும் சேர்த்துத்தான்.

வீட்டார் தெளிக்கும்போதும், முடிந்து குறைந்தது 24 மணி நேரமும் உள்ளே இருக்கக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டல். உற்பத்தியாளர் கூடுதல் நேரம் சொன்னால் அதைக் கேளுங்கள். மேல்மாடிவாசி, அப்பாவைச் சில நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருடைய மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வாடகைக்காரி | ஞாயிறு, காலை 11.30

என் தோழி வீட்டில் நடந்தது. தெளித்து வாரக்கணக்காகியும் அழுகிய மீன் நாற்றம் போகவில்லை. நுரை தெளித்த குத்தகையாளர் ‘காற்றோட்டம் விடுங்கள், போய்விடும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அது ஏன் அப்படி?

பழைய மேஸ்திரி | ஞாயிறு, மதியம் 1.10

இரண்டு பீப்பாய்ச் சரக்கும் சரியான விகிதத்தில் கலக்காததுதான் பெரும்பாலும் காரணம். பீப்பாய் போதிய சூடேறாமல் தொடங்குவது, குழாயில் அழுத்தம் ஒரு பக்கம் குறைவது, ஒரே மூச்சில் அளவுக்கு மீறிப் பருமனாகத் தெளிப்பது. பருமனாகத் தெளித்தால் நுரையின் உள்ளே சூடு ஏறிக் கருகக்கூட வாய்ப்புண்டு. மீன் வாடைக்குக் காரணம் வினையூக்கியிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள். சரியாகக் கலந்த நுரை ஒரே நிறமாக, ஒரே சீராக இருக்கும். தொட்டால் பொடியாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால் அது கெட்டுப்போன கலவை. காற்றோட்டம் அதைச் சரிசெய்யாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும், மரத்தில் ஒட்டியிருந்தால் மரத்தையும் சுரண்டி.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். ஈரப்பரப்பில் தெளித்தால் தண்ணீரும் வினையில் சேர்ந்துகொள்ளும், நுரை ஒட்டாது. டிசம்பர், ஜனவரி வேலையை ஒப்புக்கொள்கிறவர் தகட்டின் அடிப்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பார் எனக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை கழியட்டும் என்று சொல்லும் ஆளை நம்பலாம்.

மேல்மாடிவாசி | ஞாயிறு, மாலை 6.45

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இன்று மின்விளக்குத் துளையைக் கழற்றிக் கைப்பேசி வெளிச்சத்தில் மேலே பார்த்தேன். தகடு துருவில்லாமல் இருக்கிறது. பழைய மின்கம்பிகள் பலகையின் மேல் தாறுமாறாகக் கிடக்கின்றன. முன்பாதியில் ஓட்டுக்கு அடியில் தாள் இல்லை, வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிகிறது.

இப்போது என் எண்ணம்: பின்பாதித் தகட்டுக்கு 50 மில்லிமீட்டர் குளோஸ்டு செல். முன்பாதிக்கு ஓட்டைப் பிரித்து அலுமினியத் தாள் விரித்து மறுபடி அடுக்கி, உட்கூரைமீது ராக்வுல். ஓப்பன் செல் வேண்டாம். நுரைநேசன் சொன்னதைக் கேட்டதும் அப்பாவின் அறைக்கும் எங்கள் அறைக்கும் இடையிலுள்ள பலகைச் சுவருக்கு மட்டும் அது நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அப்பா வானொலியை உரக்க வைப்பார். மின்கம்பிகள்தான் கவலை.

நுரைநேசன் | ஞாயிறு, இரவு 7.20

மேஸ்திரியின் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், சரி. சுவருக்கு என்றால் ராக்வுலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சின்னச் சுவருக்காக லாரியோடு தெளிக்கும் இயந்திரத்தை வரவழைத்தால் வாசலுக்கு வரவே ஒரு கட்டணம் கேட்பார்கள். எனக்கு மூன்று அறைகள் சேர்ந்ததால் கட்டுப்படியானது.

ஈரமானி | ஞாயிறு, இரவு 8.10

மின்கம்பிக்கு: நுரைக்குள் புதைந்த கம்பியால் சூட்டை வெளியே விட முடியாது, அதே மின்னோட்டத்தில் கூடுதலாகச் சூடாகும். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்துப் பழையதை மாற்றி, நுரைக்குக் கீழே தனிக் குழாயில் கொண்டுபோங்கள். பதித்த விளக்குகளுக்கும் சுற்றிலும் இடைவெளி வேண்டும். ஏர்கான் செப்புக்குழாய் பற்றவைக்கும் வேலை ஏதாவது இருந்தால் நுரைக்கு முன்பே முடித்துவிடுங்கள். தீத்தடுப்பு மருந்து கலந்த நுரையும் எரியும். எரியும்போது வரும் புகை நச்சு. அதனால் நுரையைத் திறந்தபடி விடக் கூடாது, அடியில் ஜிப்சம் பலகை பிளவில்லாமல் இருக்க வேண்டும். குத்தகையாளரிடம் தீச்சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதிகளில் உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்பதை அவரே எழுதித் தரட்டும்.

முன்பாதியின் உட்கூரைமீது ராக்வுல் போடும்போது ஆவித்தடுப்புத் தாள் மேல்பக்கம் இருக்கட்டும். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்துக் கீழ்ப்பக்கம் ஒட்டிவிடுவார்கள்.

சிக்லாப் அக்கா | ஞாயிறு, இரவு 8.40

வீடு எந்த ஆண்டு கட்டியது? 1991க்கு முன்பு என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு எங்காவது இருக்கிறதா என்று முதலில் ஆய்வு செய்ய வேண்டும். ஓட்டைப் பிரிக்கப்போவதாகச் சொல்கிறீர்களே.

மேல்மாடிவாசி | ஞாயிறு, இரவு 9.05

1970களில் கட்டியது அக்கா. நல்லவேளை கேட்டீர்கள். நாளைக்கே ஆய்வாளரைத் தேடுகிறேன். மேஸ்திரி ஐயா, குளோஸ்டு செல்லுக்கு மூன்று பேரிடம் விலை கேட்கப்போகிறேன். ஒப்பந்தத்தில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

பழைய மேஸ்திரி | ஞாயிறு, இரவு 9.50

சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னால் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். பருமனும் அடர்த்தியும் எழுத்தில் வேண்டும். ‘சராசரி 50’ என்று எழுதக் கூடாது, ‘எங்கும் 50க்குக் குறையாமல்’ என்று எழுத வேண்டும். சராசரி என்றால் நடுவில் எழுபது, ஓரத்தில் இருபது என்று வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டு தவணையாகத் தெளிக்க வேண்டும், முதல் தவணை ஆறிய பிறகே இரண்டாவது. முடிந்ததும் நீங்கள் சொல்லும் இடங்களில் ஊசி குத்தி அளந்து காட்ட வேண்டும், பொய்க்கூரைப் பலகையை மூடுவதற்கு முன்பு. சரக்கின் பெயர், பீப்பாயில் அச்சிட்ட காலாவதித் தேதி, தெளிப்பவரின் பயிற்சிச் சான்று, கலவை கெட்டால் வெட்டி எடுக்கும் செலவு யாருடையது என்பது, இத்தனையும் கையெழுத்துக்கு மேலே இருக்கட்டும். கடைசித் தவணைப் பணத்தைப் பலகை மூடிய பிறகு கொடுங்கள், முதலில் அல்ல.

மூன்று விலையும் வந்ததும் இங்கேயே போடுங்கள், நிறுவனப் பெயரை மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன்.